டெம்மியும் ஹாகியும்

ஓரஸ்ட் டெம்சுக்கின் முன்பற்கள் நான்கும் அவருடையவை அல்ல. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவரிடம் சொல் முதலிலிருந்தே குறைச்சல்தான். பல் பிறகுதான் போயிற்று. பதினான்கு வருடம் ஐஸ் ஹாக்கிப் பனித்தரையில் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். எவனோ ஒருவன் ஓங்கி அடிக்கிற பக்குக்கு, அந்தக் கெட்டி ரப்பர் வட்டுக்கு, முன்னால் போய் விழுந்து, காலையும் தாடையையும் கொடுப்பதற்குச் சம்பளம் வாங்கியவர். எண்ணூற்றுச் சொச்சம் ஆட்டங்களில் பத்தொன்பது கோல். கோல் அடிப்பவர்களின் படத்தைக் காப்பிக் கடைகளில் மாட்டி வைப்பார்கள். தடுப்பவர்களின் படம் எலும்பு டாக்டரிடம்தான் இருக்கும்.

இப்போது வயது நாற்பத்தெட்டு. கார்வெல் ஊர் இளைஞர் அணியின் கோச். கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ. ஆட்டம் நடக்கும்போது பெஞ்சுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சாண் மேடையில் நின்றுகொண்டு, அடுத்து இறங்க வேண்டியவர்களின் பெயரைக் கூப்பிட வேண்டும். இந்த ஆட்டத்தில் எவனும் ஒரு நிமிடத்துக்கு மேல் பனியில் தாக்குப்பிடிக்க முடியாது. களைத்தவன் ஓடி வந்து ஏறுவான். பெயர் கூப்பிடப்பட்டவன் இடுப்பளவு தடுப்புப் பலகையைத் தாண்டி இறங்குவான். ஆட்டம் நிற்காது. கோச்சின் வாயில் ஆட்டம் இருக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

பெயரைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் ஓரஸ்டின் தொடை இறுகும். பதினோரு வருடமாக அப்படித்தான். மனம் கோச் ஆகிவிட்டது. காலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. ஆனால் அவர் ஏங்கியது பனிக்காகவோ கைதட்டலுக்காகவோ இல்லை. கைதட்டல் எப்போது வந்தது, இப்போது இல்லாமல் போக? அவர் ஏங்கியது ஒரு சத்தத்துக்காக. பின்னால் இருந்து, ஸ்டிக்கைப் பனியில் இரண்டு முறை தட்டுகிற சத்தம். நான் இருக்கேன், நீ போ என்று அதற்கு அர்த்தம்.

தட்டியவர் ஐவர் ஹாகன். கிழக்கே ஒரு பெரிய நகரத்து அணியில் இருவரும் ஒன்பது வருடம் ஜோடி. இடதுபக்கம் ஓரஸ்ட், வலதுபக்கம் ஐவர். கோச் பெயர் கூப்பிடும்போது ஒருவர் பெயரை மட்டும் தனியாகக் கூப்பிட்டதே கிடையாது. "டெம்மி, ஹாகி!" என்று ஒரே மூச்சில்தான் வரும். விமானத்தில் அடுத்தடுத்த இருக்கை, ஓட்டலில் ஒரே அறை. ஓரஸ்டின் கல்யாணத்தில் தோழனாக நின்றவர் ஐவர். ஐவரின் அப்பா இறந்தபோது நான்கு மணி நேரம் பனிப்புயலில் வண்டி ஓட்டி அவரை ஊரில் கொண்டுபோய் விட்டவர் ஓரஸ்ட்.

அந்த ஐவர், இன்றைக்கு எதிர் அணியான டன்ராத்தின் கோச். மார்ச் மாதத்து ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். முந்தைய ஆறில் இவர்களுக்கு மூன்று, அவர்களுக்கு மூன்று. இந்த இரண்டு வாரமும் இருவரும் பன்னிரண்டு அடி தூரத்தில், அடுத்தடுத்த பெஞ்சுகளில் நின்றார்கள். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. ஒரு வார்த்தை இல்லை. அதற்கு முன் பதினோரு வருடமாகவும் இல்லை.

நடந்தது இதுதான். பதினோரு வருடத்துக்கு முந்தைய வசந்தத்தில் ஓரஸ்ட் ஆட்டத்தை விட்டுவிட்டு அதே அணியில் துணைக் கோச் ஆனார். ஐவர் கோடையில் வலது முட்டியை அறுத்துத் தைத்துக்கொண்டு, செப்டம்பரில் தேர்வு முகாமுக்கு வந்தார். பத்தாம் நாள் தலைமைக் கோச் ஓரஸ்டைக் கூப்பிட்டு, முட்டி தேறாது, நாளைக்குக் காலையில் நீயே சொல்லிவிடு, உன் ஆள்தானே என்றார்.

இந்தத் தொழிலில் அதற்கு ஒரு முறை உண்டு. நீக்கப்படுகிறவன் உடைமாற்றும் அறைக்குள் கால் வைப்பதற்கு முன்பே ஒருவர் வாசலில் நின்று, கோச் உன்னைப் பார்க்கணுமாம் என்று சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் முன்னால் அவன் தலைகுனியக் கூடாது. அவ்வளவுதான் முறை. அதைக்கூடச் செய்யத் திராணி இல்லாமல் ஓரஸ்ட் காலை ஆறு மணிக்கே போய், ஐவரின் இருக்கைக்கு மேலே ஒட்டியிருந்த பெயர்ப் பட்டையை உரித்தார். சாமான்களைப் பையில் கட்டி வைத்தார். பிறகு வெளியே வந்து தன் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். எண்ணூறு ஆட்டங்களில் பக்குக்கு முன்னால் விழுந்த மனிதர்!

ஐவர் சீட்டியடித்துக்கொண்டு உள்ளே போனார். நான்கு நிமிடத்தில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். காரைப் பார்த்தார். உள்ளே இருந்தவரையும் பார்த்தார். தன் டிரக்கில் ஏறி எஞ்சினைக் கிளப்பி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். காலைக் குளிரில் எஞ்சின் சூடாகட்டும் என்று நிற்கிறார்போல என்று ஓரஸ்ட் நினைத்துக்கொண்டார். பிறகு டிரக் போய்விட்டது. அதன்பின் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

ஏழாவது ஆட்டத்தன்று மதியம், ஸ்கேட் கத்தி தீட்டுகிற வால்டர் பெஞ்சில் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பழைய நகரத்து அணியிலும் இருவருக்கும் கத்தி தீட்டியவர் அவர்தான். ஓரஸ்ட் வழக்கம்போலக் கண்ணாடித் தடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

"ஒருத்தர ஒருத்தர் பாக்காம இருக்கிறதுக்கு நீங்க ரெண்டு பேரும் படுற பாட்டுல பாதிய உங்க பசங்க ஆட்டத்துல பட்டிருந்தா, நாலாவது ஆட்டத்துலயே முடிஞ்சிருக்கும்" என்றார் வால்டர்.

ஓரஸ்டின் மனதுக்குள் ஒரே கணக்குத்தான் ஓடியது. இன்றைக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் வரிசை உண்டு. தொடர் முடிந்ததும் இரண்டு அணியும் பனியில் எதிரெதிரே வரிசை கட்டி, ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டு போக வேண்டும். வரிசையின் வாலில் கோச்சுகள். மூக்கை உடைத்தவனுக்கும் அங்கே கை கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவனை இந்த ஆட்டத்தில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். ஆகவே ஐவரின் கை நிச்சயம் கிடைக்கும். ஆனால் முறைக்காகக் கிடைக்கிற கை யாருக்கு வேண்டும்? ஓரஸ்டுக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. திட்டாக இருந்தால்கூடப் போதும். இந்த வரிசை போனால் இனி எந்த வரிசை?

அறுபது நிமிடம் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. இனி கூடுதல் நேரம். முதல் கோலோடு எல்லாம் முடிந்துவிடும். இரண்டாயிரம் பேர் நின்றுகொண்டே பார்த்தார்கள். ஓரஸ்டிடம் நான்கு தடுப்பாட்டக்காரர்கள்தான் மிச்சம், இரண்டு ஜோடி. "கோலியர், ரீட்!" என்றால் ஒரு ஜோடி, "பாயர், மக்கே!" என்றால் மற்றொன்று. இரண்டு ஜோடியின் பெயர்களையும் மாற்றி மாற்றிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. கோலியருக்கு இருபது வயது. இளைஞர் அணியில் அதுதான் கடைசி வயது. அடுத்த வருடம் அவன் அப்பாவோடு கோதுமை வயலுக்குப் போய்விடுவான்.

பதினோராவது நிமிடம் பக் அந்தக் கோடியில், டன்ராத்தின் கோல் வலைக்குப் பின்னால் இருந்தது. பாயரும் மக்கேயும் நாக்குத் தள்ளிப்போய் பெஞ்சை நோக்கித் திரும்பிவிட்டார்கள். டன்ராத் தடுப்பாட்டக்காரன் ஒருவன் பக்கோடு திணறினான். அப்போது பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஐவரின் குரல் வந்தது.

"நேரம் இருக்குடா! நேரம் இருக்கு!"

அது அந்தப் பையனுக்குச் சொன்னதுதான். ஆனால் ஒன்பது வருடம் அந்தக் குரல் ஓரஸ்டின் முதுகுக்குப் பின்னாலிருந்து அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறது. பதறாதே, உன்மேல் யாரும் வரவில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவர் உடம்பு முழுவதும் அந்தக் குரலுக்குத் திரும்பிற்று. அடுத்த ஜோடியைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

"டெம்மி! ஹாகி!"

பாயரும் மக்கேயும் ஏறிவிட்டார்கள். யாரும் இறங்கவில்லை. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அவர் கோச்; டெம்மி என்று ஒருவன் இருந்தது எவனுக்கும் தெரியாது. பக்கத்துப் பெஞ்சிலும் ஏதோ ஒரு தள்ளுமுள்ளு கேட்டது, ஓரஸ்ட் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரு கோச்? யாரு எறங்கணும்?" என்றான் கோலியர். கேட்டுக்கொண்டே பலகையைத் தாண்டிக் குதித்தும்விட்டான். ஆனால் நான்கு எட்டு பிந்திவிட்டது. டன்ராத் பையன்கள் இருவர், தங்களுக்கும் கார்வெல் கோல்கீப்பருக்கும் நடுவில் ஒரு ஈ காக்கை இல்லாததைப் பார்த்துவிட்டு, நம்ப முடியாமல் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் தள்ளினான், மற்றவன் அடித்தான். வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது.

கார்வெல் ஊர் முழுக்க அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றது. வால்டர் மட்டும் ஓரஸ்டைப் பார்த்தார், பிறகு குனிந்து, விழாத புட்டிகளை நிமிர்த்தி வைத்தார்.

கோலியர் பெஞ்சுக்குத் திரும்பி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் முன்னாடியே எறங்கியிருக்கணும் கோச்" என்றான்.

அவன் பழியை ஓரஸ்ட்மேல் போட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இல்லப்பா. நீ எறங்க வேண்டிய பேர நான் கூப்பிடல. என் பேரக் கூப்பிட்டேன். நான் ஆடின காலத்துப் பேரு. தோத்தது என்னால. வீட்டுல கேட்டா அப்படியே சொல்லுங்க."

மக்கே துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். கோலியர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வரிசைக்குப் போனான். மன்னித்தானா இல்லையா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. இருபது வயதுப் பையனிடம் அதை உடனே கேட்பதும் நியாயம் இல்லை.

வரிசை நகர்ந்தது. ஓரஸ்ட் ஷூக் காலோடு, பழகிய சின்னச் சின்ன எட்டு வைத்துப் பனியில் நடந்தார். வியர்த்த கைகள் ஒவ்வொன்றாக வந்தன. நல்ல ஆட்டம் சார், நல்ல ஆட்டம் சார். இரண்டு வாரமாக மனதில் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றுகூட நினைவில் இல்லை. கைக்குப் பின் கை வந்து, கடைசியில் வலது காலை இழுத்துக்கொண்டு ஐவர் வந்தார். காதுப் பக்கம் நன்றாக நரைத்திருந்தது. கையை நீட்டினார்.

ஓரஸ்ட் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நான் வாசல்ல நின்னு உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்" என்றார் ஐவர்.

அவ்வளவுதான் என்று ஓரஸ்ட் நினைத்தார். ஆனால் ஐவர் கையை விடவில்லை.

"வண்டியக் கிளப்பிட்டு நின்னுக்கிட்டே இருந்தேன். நீ கார விட்டு எறங்கி வருவேன்னு. அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"எஞ்சின் சூடாக நிக்கிறேன்னு நெனச்சேன்."

"செப்டம்பர்லயா? மடையா."

பதினோரு வருடம் கழித்துக் கிடைத்த திட்டு. ஓரஸ்டுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கை வேண்டும். அந்தக் கையை இழுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. சுற்றிலும் ஆள் குறைந்துகொண்டிருந்தது. டன்ராத் பையன்கள் கோப்பைக்காகத் தங்கள் கோச்சைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு, டெம்மி" என்றார் ஐவர். குரல் இறங்கியிருந்தது. "கால் பலகை மேல ஏறிடுச்சு. ஷூவும் கோட்டுமா. எங்க பசங்க ரெண்டு பேரு கோட்டப் புடிச்சு இழுத்தாங்க, இல்லேன்னா எறங்கியிருப்பேன்."

ஓரஸ்ட் குனிந்து பார்த்தார். ஐவரின் கறுப்புக் கால்சட்டையில், முட்டிக்குக் கீழே, பலகையின் பனித்தூள் உரசிய வெள்ளைக் கோடு ஒன்று நீளமாக இருந்தது. வலது காலில்.

"அந்த முட்டியோடவா?"

"கூப்பிட்டியே" என்றார் ஐவர்.