முன் சக்கரத்து ஆணி

வெஸ்லியின் காரைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. சாரணர் பிள்ளைகளின் பொம்மைக் கார் போட்டிக்கென்று கொடுத்த பைன் மரக்கட்டையை ஒரு பக்கம்கூட ஒழுங்காக இழைக்காமல், துண்டு போடாத முழு ரொட்டி மாதிரி அப்படியே விட்டிருந்தான். போதாததற்கு எடைக்கட்டியைக் கொண்டுபோய் மூக்கில் அப்பியிருந்தான். மேலிருந்து சரிவில் உருண்டு வருகிற காருக்கு எடை பின்னால் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். என் வயிற்றில் பிறந்தவனுக்குத் தெரியவில்லை.

"வெஸ்லி, அந்த எடையை மட்டும் கொஞ்சம்..."

"அம்மா, தொடாத."

"தொடலடா. வாயாலதான சொல்றேன்."

"வாயாலயும் தொடாத."

பத்து வயதில் இந்தப் பேச்சு. எல்லாம் போன வருஷத்து வினை. விதைப்பு இயந்திரங்களுக்கு உதிரி பாகம் கடைகிற பட்டறையில் வேலை செய்கிறவள் நான். நாலு பிளாஸ்டிக் சக்கரமும் அதைக் கோக்கிற நாலு ஆணியும் எனக்கு ஒரு விஷயமா? போன வருஷம் காரை நானே செய்தேன். ஜெயித்தது. மாவட்டப் போட்டி வரைக்கும் போனோம். அங்கே ஒரு மனுஷன் மைக்கைக் கொண்டுவந்து, "ஆணியை எப்படித் தம்பி இப்படி மெருகேத்தின?" என்று கேட்டார். இவன் என்னைக் கைகாட்டி, "எங்கம்மாவக் கேளுங்க" என்றான். அரங்கமே சிரித்தது. அன்றோடு எனக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. குளிர்காலம் முழுக்கத் தரைக்குக் கீழே இருக்கிற அறையில் பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு காரை உருட்டிக்கொண்டிருந்தான். நான் படியில் கால் வைத்தால் போதும், மேலே துண்டைப் போட்டு மூடிவிடுவான்.

சத்தியமாக எனக்குக் கோப்பை ஆசை கிடையாது. கர்ட் பிரெம்மர் கண் முன்னால் என் பிள்ளை கடைசியாக வரக்கூடாது, அவ்வளவுதான்.

கர்ட் என்னோடு பள்ளியில் படித்தவன். இப்போது டிராக்டர் விற்கிறான். சனிக்கிழமை காலை சர்ச்சின் கீழ்த்தளத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது, வாசலிலேயே சில்லி என்கிற பீன்ஸ் கறிக் கிண்ணமும் இனிப்புச் சினமன் ரோலுமாக நின்றிருந்தான். அவன் மகன் கோல் கையில் பளபளவென்று சிவப்பாக ஒரு கார் இருந்தது, கத்தி மாதிரி மெலிசாக.

"என்ன லோர்னா, இந்த வருஷம் பட்டறை லீவா?" என்றான், வெஸ்லியின் காரைப் பார்த்துக்கொண்டே.

"உன் பையன் கார்ல உன் பையன் என்ன செஞ்சான் கர்ட்?"

"ஸ்டிக்கர் ஒட்டினான். கோணாம ஒட்டியிருக்கான் பாரு."

வெஸ்லியை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

போட்டியை நடத்துகிற மார்லிஸ் ஒவ்வொரு காராகத் தராசில் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் தலையாட்டுவாள். அதற்குப் பிறகு பெரியவர்கள் யாரும் காரில் கைவைத்துச் சரிசெய்யக் கூடாது. செய்தால் கார் அவுட். வெஸ்லியின் கார் எடை சரியாக இருந்தது. மார்லிஸ் அவனைப் பார்த்துக் கண்ணடித்தாள். பரிதாபப்பட்டுத்தான் கண்ணடிக்கிறாள் என்று நினைத்தேன்.

சரிவுப் பாதையில் நாலு தடம். ஒவ்வொரு காரும் நாலு தடத்திலும் ஒருமுறை ஓடவேண்டும். முதல் ஓட்டத்தில் மற்ற மூன்று கார்களும் கீழே வந்து சேர்ந்து, பிள்ளைகள் அவற்றை எடுத்துக்கொண்டு போகிற நேரத்தில், எங்கள் ரொட்டி பாதையின் சமதளப் பகுதியில் தள்ளாடிக்கொண்டிருந்தது. முடிவுக் கோட்டை எப்படியோ தாண்டியது, தாண்டியதும் நின்றது. இரண்டாவது ஓட்டமும் அதே லட்சணம்தான். மூன்றாவதில் யாரோ ஒரு அப்பா, "எறங்கித் தள்ளுப்பா" என்றார். கர்ட் கொட்டாவி விடுவது போல வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இந்தப் பிள்ளையோ உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். அழுகையை அடக்குகிறான் என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள்.

கடைசி ஓட்டத்துக்கு முன்னால் வெஸ்லி என்னிடம் ஓடிவந்தான்.

"அம்மா, அவசரமா பாத்ரூம் போவணும். இதப் புடிச்சுக்கோ. சும்மா புடிச்சுக்கோ, அவ்ளோதான்."

"சரிடா, போ."

சும்மா பிடிப்பதா? என் கையில் ஒரு சாமானைக் கொடுத்தால் என் விரல் சும்மா இருக்குமா? முன் சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டினேன். அரைச் சுற்றுக்கூட சுற்றவில்லை. குனிந்து பார்த்தால், ஆணியை ஒரேயடியாக உள்ளே அழுத்தி வைத்திருக்கிறான். சக்கரம் கட்டையோடு உரசுகிறது. அடப்பாவி, இத்தனை அவமானமும் இந்த ஒரு ஆணியாலா? நகத்தை உள்ளே கொடுத்து ஒரு நெம்பு. ஒரு மயிரிழை வெளியே வந்தால் போதும். சுற்றிலும் பார்த்தேன். எல்லாரும் சில்லி வரிசையில் நின்றிருந்தார்கள்.

நெம்பிவிட்டேன். சக்கரம் கிர்ரென்று சுற்றியது.

வெஸ்லி ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வந்து காரை வாங்கிப் போனான். மேலே கொண்டுபோய் வைத்தான். தடுப்பு விழுந்ததும் நாலு காரும் கிளம்பின. எங்கள் ரொட்டி கடைசித் திருப்பத்தில் வருகிற பஸ் மாதிரி குலுங்கிக்கொண்டு, ஆனால் வேகமாக, மற்ற மூன்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டிக் கார்களை நிறுத்த அடியில் வைத்திருந்த தலையணையில் போய் முட்டியது. கூட்டம் கைதட்டியது. கர்ட்கூடத் தட்டினான்.

"பரவால்ல லோர்னா, உன் புள்ள தேறிட்டான்" என்றான்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வெஸ்லியைத் தேடினேன். அவன் கைதட்டவில்லை, குதிக்கவில்லை. காரை எடுத்து முன் சக்கரத்தைச் சுண்டிப் பார்த்தான். அது சுற்றிக்கொண்டே இருந்தது. நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நேராக என்னிடம் வந்தான்.

"தொட்டியா?"

"உரசிக்கிட்டு இருந்துச்சுடா. லேசா..."

"நான்தான் உரச வெச்சேன்."

எனக்குப் புரியவில்லை. அதற்குள் மார்லிஸ் மேசைக்குப் பின்னால் நின்று பேச ஆரம்பித்துவிட்டாள். இந்த வருஷம் புதிதாக ஒரு பரிசாம். பிள்ளைகளுக்குச் சாரணர் வாராந்திரக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டாளாம். அந்த நேரத்தில் நான் பட்டறையில் இரண்டாம் ஷிப்டில் இருப்பேன், எனக்கு எங்கே தெரியும்? நடுவில் நிற்காமல் நாலு ஓட்டத்திலும் கோட்டைத் தாண்டி, எல்லாரையும்விட அதிக நேரம் எடுத்துக்கொண்ட காருக்கு மர ஆமை. பச்சை வண்ணம் பூசி மேசையில் வைத்திருந்தாள். அதை ஒரு குட்டிப் பெண் வாங்கிக்கொண்டாள். தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து, அவள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

வெஸ்லி அழவில்லை. மெதுவாகச் சொன்னான். "எடைய முன்னாடி வெச்சா கடைசில தள்ளாது. ஆணிய கொஞ்சம் அதிகமா அழுத்தினா நடுவுலயே நின்னுடும். கொறைச்சா வேகமா போயிடும். எத்தன தடவ உருட்டிப் பாத்தேன் தெரியுமா? மூணு ஓட்டத்துலயும் கோட்டத் தாண்டினதும் கரெக்டா நின்னுச்சும்மா."

எங்கள் பட்டறையில் இப்படி ஒரு வேலையைச் சொன்னால், முடியாது என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

"இரு, நான் மார்லிஸ்கிட்ட போயி உண்மையச் சொல்றேன். அம்மாதான் தொட்டேன்னு."

"சொன்னா கார் அவுட்டும்மா."

அதுவும் சரிதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் குறுக்கே நின்றிருந்தேன். சொல்ல ஒன்றும் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும். வந்தது.

"என்கிட்ட ஏன்டா மறைச்ச? ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேனே."

வெஸ்லி காரைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"சொல்லியிருந்தா நீயே செஞ்சிருப்ப. என்னோடதவிட மெதுவா ஓடற மாதிரி."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் முன் ஆணியை மட்டும் அழுத்தியது போதாது, பின்னால் ஒன்றையும் சற்றே வளைத்திருந்தால் இன்னும் மெதுவாகப் போயிருக்கும் என்று என் மனசு அதற்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தது.