பதினாறாவது தையல்

என் மகள் கண் டாக்டர் என்று சொன்னதும், "அப்பக் கண்ணாடி எழுதித் தருவாங்களா?" என்று கேட்கிறார்கள் பாருங்கள், அவர்களை எனக்குக் கட்டோடு பிடிக்காது. ஒருமுறை கொடைக்கானலிலிருந்து ஊருக்கு வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு வழி நெடுக விளக்கம் சொன்னேன். கைக்கடிகாரத்துக்கு மேலே கண்ணாடி மூடி இருக்கிறதல்லவா, அதே மாதிரி கண்ணுக்கும் முன்பக்கம் ஒரு மூடி இருக்கிறது. கருவிழிப்படலம் என்று பெயர். அது வெளுத்துப்போனால் உள்ளே எல்லாம் நன்றாக இருந்தும் பார்வை கிடையாது. வெளுத்ததை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, இறந்துபோன யாரோ ஒருவர் கொடுத்த தெளிவான படலத்தை அந்த இடத்தில் வைத்துத் தைக்கிறவள் என் மகள் பாண்டிச்செல்வி. தைக்கிற நூல் தலைமுடியை விட மெல்லிசு. இவ்வளவையும் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "சரிக்கா, எனக்குக் கிட்டத்துல எழுத்துத் தெரியலை. கண்ணாடி எழுதித் தருவாங்களா?"

போடி உன் சோலியைப் பார்த்துக்கொண்டு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் ஊர் கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலையில் இருக்கிறது. பூண்டும் கேரட்டும்தான் எங்கள் பிழைப்பு. இந்த ஊரிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போன முதல் பெண் என் மகள். டாக்டர் படிப்பு முடித்தாள். அதற்கு மேல் கண்ணுக்கென்று தனியாகப் படித்தாள். அதற்கும் மேல் கருவிழிக்கு மட்டும் படித்தாள். நகத்தளவு இடத்துக்கு இத்தனை வருடப் படிப்பா என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். லீவுக்கு வரும்போது கொடைக்கானல் கறிக்கடையில் ஆட்டுக்கண்ணைக் கேட்டு வாங்கி வருவாள். சன்னலோரமாக உட்கார்ந்து, நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதில் தைத்துத் தைத்துப் பழகுவாள். பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். பொழுது சாய்வதே தெரியாது. சாப்பிடக் கூப்பிட்டால், "மூச்சு விடாதம்மா, நூல் பறந்துரும்" என்பாள். என் வீட்டில் என்னை மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டு அடி வாங்காமல் தப்பித்தவள் அவள் ஒருத்திதான்.

சிரித்தவர்களில் முதல் ஆள் யார் தெரியுமா? என் கூடப்பிறந்த அண்ணன் செல்லப்பாண்டி.

அவருக்கு என் மகளைத் தன் மகன் முகேஷுக்குக் கட்டிவைக்க ஆசை. முறைப்படி கேட்க உரிமை உண்டு, கேட்டார். அவளுக்கு மெடிக்கல் சீட்டு கிடைத்த வாரம் அது. நான் முடியாது என்றேன். முடியாது என்றதோடு நிறுத்தாமல், "ஓம் மகன் பத்தாவதையே ரெண்டு தடவை எழுதுனவன், அவ படிப்புக்கு இவன் எந்த மூலைக்கு?" என்றும் கேட்டேன். அன்றைக்கு முறிந்ததுதான். அவள் கூடப் படித்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டபோது அண்ணன் மண்டபத்துப் பக்கமே வரவில்லை. தாய்மாமன் மாலை போடாமல்தான் என் மகள் மேடையில் நின்றாள். இவர் டீக்கடையில் உட்கார்ந்து, "ஊருக்கு வைத்தியம் பாக்கப் போறான்னு பாத்தா, ஆட்டுக்குல்ல தையல் போட்டுக்கிட்டு இருக்கா" என்று சொல்லிச் சிரித்தாராம். அதன் பிறகு எதிரே வந்தால் நான் இந்த ஓரம், அவர் அந்த ஓரம்.

அண்ணனுக்கு ஒரு கண்தான். சின்ன வயதில் கில்லி பட்டு இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில்தான் ஒரு பூண்டு வெட்டின்போது காய்ந்த தண்டு குத்திவிட்டது.

எங்கள் பக்கம் கண்ணில் தூசி விழுந்தால் கந்தம்மாளிடம்தான் போவார்கள். நாக்கு நுனியால் துழாவித் தூசியை எடுத்துவிடுவாள். இவரும் போயிருக்கிறார். துழாவிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமில்லண்ணே, காயமாத்தான் கெடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரி என்றால் மருமகள் ஞாபகம் வருமே, போவாரா? ஒட்டன்சத்திரத்துக்குக் கேரட் ஏற்றிப் போன இடத்தில் யாரோ ஒரு லாரிக்காரர் பேச்சைக் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றியிருக்கிறார். சிவப்பு வடிந்துவிட்டது. ஆகா, சரியாகிவிட்டது என்று விடாமல் ஊற்றியிருக்கிறார். உள்ளே கிருமி தின்றுகொண்டே இருந்திருக்கிறது.

முகேஷ் ஓடி வந்து என் வாசலில் நின்றான். "அத்தை, அப்பாவுக்கு எதுவுமே தெரியலை. செவுத்தப் பிடிச்சு நடக்காரு. ஒங்ககிட்டச் சொன்னா வெட்டிருவேங்காரு."

கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. அண்ணன் இல்லையா! அப்போதே மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன். மறுநாள் வெள்ளனே பாண்டிச்செல்வி வந்து இறங்கினாள். என் வீட்டில் காப்பிகூடக் குடிக்காமல் நேரே மாமன் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"யாரது?"

"நான்தான் மாமா, பாண்டிச்செல்வி."

"பொண்ணு கேட்டு இல்லைன்னுட்ட வீட்டுல, கண்ணு கேட்டு நான் வரமாட்டேன். போயிரு."

"நீங்க எங்க வந்தீங்க? நான்தான வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே துண்டை எடுத்துவிட்டு டார்ச்சை அடித்தாள். கண்ணின் நடுவில் பூண்டுப் பல்லைக் கிள்ளி வைத்ததுபோல் ஒரு வெள்ளை. மருந்துப் புட்டியை முகேஷ் எடுத்துக் காட்டினான். அவள் அதை வாங்கிப் படித்துவிட்டு வாசலில் விட்டெறிந்தாள். என் மகள் ஒரு பொருளை எறிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இது கிருமிக்குச் சோறு போட்டு வளத்திருக்கு மாமா. இன்னைக்கே கெளம்பணும். இல்லைன்னா கண்ணு ஓட்டை விழுந்துரும்."

"விழுந்தா விழுந்துட்டுப் போகுது."

அவள் எழுந்திருக்கவில்லை. அவர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "மாமா, என் கல்யாணத்துக்கு நீங்க மாலை போடலை. சீர்னு ஒரு ரவிக்கைத் துணிகூட ஒங்க வீட்டுலருந்து எனக்கு வரலை."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"இப்பக் கேக்குறேன். எனக்குத் தாய்மாமன் சீர் வேணும். அந்தக் கண்ண என் கையில குடுங்க."

எங்கள் பக்கத்தில் மருமகள் வாய்விட்டுச் சீர் கேட்டு இல்லை என்று சொன்ன தாய்மாமன் கிடையாது. சொன்னால் ஊரில் தலைகாட்ட முடியாது. அண்ணன் தாடை இறுகியது, தளர்ந்தது. கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. அது கண் வலியிலா வேறெதிலா என்று நான் கேட்கவில்லை.

"முகேஷு, ஜீப்ப எடுரா" என்றார்.

மதுரையில் மணிக்கு ஒருதரம் மருந்து விட்டார்கள். கிருமி அசையவில்லை. படலம் மெலிந்துகொண்டே போனது. மாற்றித் தைப்பதைத் தவிர வழியில்லை என்று ஆனது. இருப்பதே ஒரு கண். அதுவும் போனால் என் மகள்தான் குருடாக்கினாள் என்று காலத்துக்கும் பேசுவார்கள். அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"வேற டாக்டரு பண்ணட்டும்டி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பழி ஒனக்கு வேணாம்."

"சீர்னு கேட்டு வாங்கிட்டு அடுத்தவங்க கையில குடுக்கச் சொல்றியாம்மா?" என்றாள். "பெரிய டாக்டரு பக்கத்துல நிப்பாரு. தைக்கிறது நான்தான்."

திண்டுக்கல் பக்கம் ஒரு துக்க வீட்டிலிருந்து படலம் வந்தது. அழுதுகொண்டிருந்த நேரத்திலும் யாருக்கோ பார்வை கொடுக்க நினைத்த அந்த வீட்டாரை நான் பார்த்ததில்லை. ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்து அவர்களுக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன். கதவு திறந்து என் மகள் வெளியே வந்தாள். முகமூடி அழுத்திய தடம் மூக்கில் இருந்தது. "பதினாறு தையல்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

கட்டைப் பிரித்ததும் சினிமாவில் காட்டுகிற மாதிரி எல்லாம் தெரிந்துவிடவில்லை. மலையில் மூடுபனி இறங்கிய மாதிரிதான் இருக்கிறது என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. பொறுங்கள், மெல்லத்தான் தெளியும் என்றாள் அவள். சொன்னபடியே தெளிந்தது. முதலில் என் சேலையின் சிவப்புத் தெரிந்தது. அப்புறம் முகேஷின் மீசை. ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, "ஏய் முருகேசு, ஒனக்கு இம்புட்டு நரைச்சுப்போச்சா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! இத்தனை வருடம் கழித்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அதற்கப்புறம் என் பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டார். மகள் பெருமையை ஊரெல்லாம் சொல்வது என் வேலை அல்லவா? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர்களை நிறுத்தி, "பாரு, கிட்ட வந்து பாரு! சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி சுத்திவரத் தையல். என் மருமக போட்டது. ஆட்டுக்குத் தச்சுப் பழகுன கைய்யா அது!" என்கிறார். மூட்டை இறங்குகிறதோ இல்லையோ, கண்ணைக் காட்டாமல் வருவதில்லை.

தையலை ஒரேயடியாக எடுக்க மாட்டார்கள். தளரத் தளர ஒவ்வொன்றாக எடுப்பார்கள். எல்லாம் போய்க் கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. அதற்கு வரச்சொன்ன நாளில் அண்ணன் போகவில்லை. கேரட் சோலி என்றார், கோயில் சோலி என்றார். கண் சிவந்து உறுத்த ஆரம்பித்ததும் நானே திட்டி மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

பாண்டிச்செல்வி கருவியில் பார்த்தாள். "தளந்துருச்சு மாமா. விட்டா அறுக்கும். ஏன் வரலை?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "இது ஒண்ணாவது இருந்துட்டுப் போகட்டும்த்தா. இதையும் எடுத்துட்டா, ஊர்ல எதைக் காட்டி எம் மருமக போட்டதுன்னு சொல்லுவேன்?"

என் மகள் குனிந்து மருந்து விடுகிற சாக்கில் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தையலை எடுத்தாள். அண்ணன் கையை நீட்டி, "குடுத்தா" என்றார். வெள்ளைப் பிளாஸ்திரித் துண்டில் ஒட்டி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

நான் எட்டிப் பார்த்தேன். வெறும் பிளாஸ்திரிதான் இருந்தது. சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். கண்ணை இடுக்கிப் பார்த்தேன்.

"எங்கண்ணே இருக்கு? ஒண்ணையும் காணோம்."

"இந்தா கெடக்குல்ல, கறுப்பா" என்று நகத்தால் தொட்டுக் காட்டினார். அவர் கண்ணுக்குள் இருந்த நூல், அந்தக் கண்ணுக்கே தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை. கண்ணீரில் தெரிகிற கொஞ்சமும் கலங்கிப்போனது.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மருமகள் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"ஏத்தா, ஒங்கம்மாளுக்குக் கிட்டத்துல ஒண்ணும் தெரியலை. ஒரு கண்ணாடி எழுதிக் குடு."