ரசாக் பாய் தோற்ற ஆட்டம்

கோயமுத்தூர் பெரிய கடை வீதியில் பூட்டு விற்கிற ரசாக் பாய்க்குத் தன்னைக் கேட்காமல் எந்தப் பூட்டும் திறந்துகொள்ளாது என்றொரு பெருமை உண்டு. அந்தப் பெருமை ஒரு திங்கட்கிழமை காலையில், கடைக்கு எதிர் மாடியில் இருந்த முத்தாத்தாள் நெட் சென்டரில் வைத்துக் கழன்று விழுந்தது.

"பாஸ்வேர்டு தப்புங்குதுங்க பாய்," என்றான் தம்பிதுரை.

"அதெப்படி தம்பி? எட்டு மாசமா அதே பாஸ்வேர்டுதான?"

"அதத்தானுங்க நானும் அதுகிட்டச் சொல்லிட்டிருக்கேன். கேக்க மாட்டேங்குது."

தம்பிதுரை சென்டரின் சொந்தக்காரன். சென்ற வருஷம் வரை பல்லடத்தில் கோழித்தீவனம் விற்றவன், இப்போது கதவில் 'நிர்வாக இயக்குநர்' என்று எழுதி ஒட்டியிருந்தான். இயக்குவதற்கு ஐந்து கம்ப்யூட்டர்களும் நிர்வகிப்பதற்கு ஒரு மின்விசிறியும் இருந்தன. மின்விசிறி அவன் பேச்சைக் கேட்பதில்லை.

ரசாக் பாய் தினமும் ஆடுகிற சதுரங்க இணையத் தளத்தைத் தன்னுடைய கணக்கில் திறந்து, அவருடைய ஆட்டத்தைத் தேடி எடுத்தான். பலகை வந்தது. அதன் கீழே ஒரு வரி இருந்தது. தம்பிதுரை எழுத்துக் கூட்டிப் படித்து, தமிழில் சொன்னான்: "ரசாக் தோல்வியை ஒப்புக்கொண்டார்."

ரசாக் பாய் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

எதிரில் ஆடிக்கொண்டிருந்தது அவருடைய மகள் ஷைமா. கம்ப்யூட்டர் படித்தவள். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புத்தி பேதலித்துவிடும், அதைத் தடுக்க ஆள் வேண்டும் என்று சிங்கப்பூரில் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டது. அதே மாதம்தான் ரசாக் பாய், ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் தன் தங்கை மகன் ஆஸிமுக்கு அவளைக் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்தது அவர், காப்பாற்ற வேண்டியவள் அவள் என்பது அவர் சட்டம். அவள் விமானம் ஏறிவிட்டாள். "இனி எங்கிட்ட ஒரு பேச்சுப் பேசப்படாது," என்றார். அவளும் அப்பன் மகள்தான், பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மனைவி சாயிரா பானு எஸ்டிடி பூத்துக்குள் போய் மகளிடம் பேசுவாள். ரசாக் பாய் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை சாயிரா பானு, "ஏனுங்க, கம்ப்யூட்டர்ல சதுரங்கம் ஆடலாமாமா. ஷைமா சொன்னா. பேச வேண்டியதில்லையாமா," என்றாள். முன்பெல்லாம் மத்தியானத்தில் கடை மேசை மேல் பலகை விரித்து அப்பனும் மகளும் ஆடுவது வழக்கம். ரசாக் பாய் மூன்று நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு மாடி ஏறினார்.

அன்றிலிருந்து தினம் ஒரு நகர்த்தல். இவர் காலையில் ஒன்று, அவள் இரவில் ஒன்று. ஒரு சொல் கிடையாது. அவள் ராணியை முன்னால் கொண்டுவந்தால் கோபமாயிருக்கிறாள், சிப்பாயைத் தள்ளினால் சுகமாயிருக்கிறாள் என்று இவராக எடுத்துக்கொள்வார். ஒருநாள் நகர்த்தல் வரவில்லை. அன்றைக்கு மூன்று வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுந்தார். மறுநாள் வந்தது, காய்ச்சலாம். சாயிரா பானு சொல்லித்தான் தெரிந்தது.

இந்த ஆட்டத்தில் அவர்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார். குதிரையை இரண்டு முறை நகர்த்தினால் ஷைமாவின் ராஜா மூலையில் மாட்டிக்கொள்ளும். இப்போது எவனோ அவர் கணக்குக்குள் புகுந்து, அவர் பெயரில் தோல்வியை ஒப்புக்கொண்டு, ஆட்டத்தை மூடிவிட்டுப் போயிருந்தான். அத்தா என்னோடு ஆடவும் வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டார் என்றல்லவா அவள் நினைப்பாள்?

"இன்டர்போலுக்கு எழுதலாமுங்க," என்றான் தம்பிதுரை.

"மொதல்ல கம்பெனிக்காரனுக்கு எழுது."

எழுதினான். அனுப்பிய கையோடு பதில் வந்தது. 'எங்கள் பெருமதிப்பிற்குரிய உறுப்பினரே, உங்கள் மனவருத்தம் எங்கள் மனவருத்தம். இப்படிக்கு பெர்னார்ட், உறுப்பினர் மகிழ்ச்சிப் பிரிவு.' இந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்காரன் தனக்காக விழித்திருக்கிறானே என்று ரசாக் பாய்க்கு மரியாதை வந்தது. இரண்டாவது மடலுக்கும் அதே மனவருத்தம் எழுத்துப் பிசகாமல் வந்தபோது மரியாதை போய்விட்டது.

மறுநாள்தான் அதே பெர்னார்ட் பெயரில் நிஜ ஆள் ஒருவன் எழுதினான். கணக்கு உங்களுடையதுதான் என்று நிரூபிக்க, சேரும்போது கொடுத்த உங்கள் தாயாரின் பெயரைச் சொல்லவும்.

"ரஹ்மத்துன்னு போடு," என்றார் ரசாக் பாய். அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் தணிந்தது. அம்மா மௌத்தாகி ஆறு வருஷம்.

சாயங்காலம் பதில் வந்தது: வருந்துகிறோம், அது உங்கள் தாயாரின் பெயர் அல்ல.

ரசாக் பாய் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். "எங்கம்மா பேரு எனக்குத் தெரியாதா? இவனாரு அதச் சொல்றதுக்கு?"

தம்பிதுரை தலையைச் சொறிந்தான். "பாய், கோவிச்சுக்காதீங்க. உங்களைச் சேத்துனப்ப எங்கம்மா பேரப் போட்டுட்டனுங்க. முத்தாத்தாள்னு."

"உங்கம்மா பேரயா? எதுக்கு?"

"உங்களுக்கு மட்டுமில்லீங்க, இங்க வர்ற எல்லாத்துக்கும் அதுதானுங்க. நாளைக்கு நீங்க பாஸ்வேர்டை மறந்துபோட்டு வந்து நின்னீங்கன்னா, நாந்தான தொறந்து குடுக்கோணும்? ஆளுக்கொரு அம்மாவ நான் எப்படிங்க ஞாபகம் வெச்சுக்கறது?"

தப்பு அவன் மேல் மட்டும் இல்லை. கடை வீதியில் எல்லோருமே கடையின் மாற்றுச் சாவியைப் பக்கத்துக் கடையில்தான் கொடுத்து வைப்பார்கள். ரசாக் பாயின் சாவி பாத்திரக்கடை வெங்கடபதியிடம், வெங்கடபதியின் சாவி ரசாக் பாயிடம். கலவரமான வருஷத்தில்கூட அவை இடம் மாறவில்லை. 'நீயே பாத்துப் போட்டுடு தம்பி' என்று கணக்குத் தொடங்கிய அன்றைக்கு அவரேதான் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஆனால் வெங்கடபதி அந்தச் சாவியை வாசலில் தொங்கவிட்டதில்லை. ரசாக் பாய் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். 'முத்தாத்தாள் நெட் சென்டர்' என்ற ஆளுயரப் போர்டில், சிவப்பு எழுத்தில், ராத்திரியில் தெரிய ட்யூப்லைட்டும் போட்டு, அவர் கணக்கின் ரகசியம் தெருவைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

முத்தாத்தாள் என்று எழுதி அனுப்பினார்கள். பெர்னார்ட் பதில் எழுதினான்: ஒரே வாரத்தில் இரண்டு தாயார்களின் பெயரைத் தந்திருக்கிறீர்கள், எனவே எங்கள் சந்தேகம் வலுக்கிறது, விசாரித்துத் தெரிவிக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூத்தில் எண்ணைச் சுழற்றப்போன சாயிரா பானுவின் தோளை ரசாக் பாய் தொட்டார். "நான் பேசறேன்."

அவள் வெளியே நகர்ந்து நின்று கதவைச் சாத்தினாள்.

வாரம் முழுக்க அவர் ஒரே வாக்கியத்தைத்தான் தயார் பண்ணி வைத்திருந்தார். அது நானில்லை, எவனோ திருட்டுப் பய, நான் தோத்தேன்னு சொல்லவே இல்லை.

"ஹலோ? அம்மாங்களா?"

"நாந்தான்."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

"அத்தா... பாத்தனுங்க அத்தா. ஜெயிக்கற ஆட்டத்தைப் போயி தோத்தேன்னு சொல்லிட்டீங்களே. அந்தக் குதிரைக்கு நான் எங்கயும் தப்பிக்க முடியாது, எனக்குத் தெரியும். நீங்க ஒருநாளும் யாருகிட்டயும் தோத்தேன்னு சொன்னதில்லையே. எனக்காகச் சொன்னீங்களே." மூக்கை உறிஞ்சினாள். "எத்தன தடவ அந்த வரியப் படிச்சேன் தெரியுங்களா? அடுத்த நாளே லீவு கேட்டுட்டேன். பெருநாளைக்கு வரட்டுங்களா அத்தா?"

ரசாக் பாயின் வாக்கியம் தொண்டை வரை வந்து நின்றிருந்தது. அதில் ஒரு பொய்யும் இல்லை. அதைச் சொல்லிவிட்டால் அவர் கௌரவம் திரும்பிவிடும். அவள் கேட்ட லீவு என்ன ஆகும் என்று தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாயிரா பானு, இத்தனை மாதமாக அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா? இருக்கீங்களா?"

"இருக்கேன் கண்ணு," என்றார். "வா. ஆஸிமுக்கு நான் சொல்லிக்கறேன்."

புதன்கிழமை தம்பிதுரை மாடியிலிருந்தே கூவினான். "பாய்! ஜெயிச்சுட்டமுங்க! மேல வாங்க!"

பெர்னார்ட் எழுதியிருந்தான்: விசாரணை முடிந்தது. தோல்வியை ஒப்புக்கொண்டது அந்நியர்தான் என்று ஒரு வரி எழுதி உறுதிப்படுத்தினால் போதும். அந்த முடிவை நீக்கி, ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து திறந்து தருகிறோம். உங்கள் எதிராளிக்கும் உண்மையைத் தெரிவிக்கிறோம்.

"நிர்வாக மட்டத்துல பேசுனா வேல நடக்குமுங்க," என்றான் தம்பிதுரை, விரல்களைச் சொடுக்கிக்கொண்டு. "எழுதிறட்டுங்களா?"

திரையில் குதிரை அதே கட்டத்தில் நின்றது. இரண்டே நகர்த்தல். ரசாக் பாய் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எழுது. அந்நியன் ஆரும் வரலை. தோத்தேன்னு சொன்னது நாந்தான்."

"பாய்! இத்தன பாடுபட்டு—"

"நாந்தான்னு எழுது தம்பி."

தம்பிதுரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி முடித்தான். ரசாக் பாய் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினார்.

"அப்படியே அந்த அம்மா பேரை மாத்திப்போடு. ரஹ்மத்துன்னு. அதுலயும் விட்டுக்குடுக்க என்னால ஆகாது."