இன்னொரு கோட்டு சுண்ணாம்பு

மெழுகு இறுக மாட்டேன் என்றது. அச்சைத் தண்ணீரில் முக்கி வைத்து வெகுநேரமாகியும், தட்டிப் பார்த்தால் உள்ளே தொளதொளவென்றுதான் இருந்தது. வாளித் தண்ணீரே வெந்நீராக இருந்தால் வத்தி எங்கிருந்து இறுகும்? அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். சாய்ந்த முதுகு சுட்டது. நிமிர்ந்துகொண்டாள்.

மொட்டை மாடியில் தனியாக நிற்கும் ஒற்றை அறை அது. கீழ்த் தளங்களில் வீட்டு ஓனர் குடும்பம், மேலே இவளும் இவள் புருஷனும். புருஷனுக்குச் சுண்ணாம்பும் பெயின்ட்டும் அடிக்கிற வேலை. தெருவில் பெயின்டர் என்பதே அவன் பேராகிவிட்டது. இவள் வீட்டிலிருந்தே மெழுகுவத்தி ஊற்றுவதால் வத்தியக்கா. வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். மெழுகும் திரியும் அச்சும் மொத்தக் கடைக்காரர் கொடுப்பார். வத்தியாகத் திருப்பிக் கொடுத்தால் கூலி. வெயில் காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும், வத்தி நன்றாக ஓடும். ஊருக்கு வத்தி தேவைப்படுகிற அதே வெயிலில்தான் இவள் வத்தி வளைந்தது.

போன வாரம் கொண்டுபோன கட்டைக் கடைக்காரர் பிரித்துப் பார்த்தார். ஒன்றுவிடாமல் எல்லாம் குனிந்திருந்தன. எல்லாருமாகச் சேர்ந்து எனக்கு வணக்கம் சொல்றாங்களே என்று அவர் சிரிக்க, கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் அவளும் சிரித்து வைத்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொரு தடவ இப்படி வந்தா அச்சைத் திருப்பிக் குடுத்துடும்மா. பின் தெருவுல ஒரு அம்மா கேட்டுட்டே இருக்காங்க. தரை வீடு. அங்க ஊத்தினா வத்தி ஆணி மாதிரி நிக்கும்."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெயின்டருக்கு மழை பெய்தால் வேலை இல்லை, வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மனசு மாறினாலும் வேலை இல்லை. அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது வத்திதான். அதோடு, அச்சு அவள் பேரை நம்பிக் கொடுக்கப்பட்டது. அது கைமாறிப் போனால் தெருவில் தலைகாட்ட முடியாது என்று பயந்தாள்.

பெயின்டர் யோசனைக்குப் பஞ்சமில்லாதவன். முதலில் சாக்கு. பழைய சாக்குகளை நனைத்துக் கூரைமேல் விரித்தான். அவன் ஏணியை விட்டு இறங்குவதற்குள் அவை காய்ந்து மொறமொறத்தன. மறுபடி நனைக்கக் கீழேயிருந்து குடம் குடமாகத் தூக்கினான். ஓனர் மாடிப்படியில் நின்று, மோட்டார் தன் காசில் ஓடுகிறது என்பதை யாரிடமோ சொல்வதுபோல இவனிடம் சொன்னார். அதோடு சாக்கு முடிந்தது.

அடுத்தது சேலை. ஈரச் சேலையை ஜன்னலில் கட்டி, பின்னால் டேபிள் ஃபேனை வைத்தான். கொஞ்ச நேரம் சொர்க்கமாக இருந்தது. பிறகு காற்று உள்ளேயே தங்கி, அறை வேது பிடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. சளி பிடித்தவர்கள் யாராவது இருந்தால் வரச்சொல்லு, குணமாகிப் போகட்டும் என்றாள் அவள்.

மூன்றாவதாக ஐஸ் பேக்டரியில் தெரிந்தவனைப் பிடித்து ஒரு பாளத்தைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கி வந்தான். சட்டையெல்லாம் நனைந்து, வழிநெடுக நல்லா குளுகுளுன்னு இருந்துச்சு என்று அவன் மட்டும் சந்தோஷமாக வந்து சேர்ந்தான். பாளத்தைத் தொட்டியில் இறக்கி ஃபேன் முன்னால் வைத்து, வராத விருந்தாளி வந்ததுபோல இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளி வெயில் தாழ்வதற்குள் கரைந்து போனார். போகிற போக்கில் ஃபேன் காற்றில் துளித்துளியாகத் தெறித்து மெழுகுச் சட்டியிலும் விழுந்திருந்தார். அந்த வத்தியைக் கடைக்காரர் கொளுத்திப் பார்த்தபோது பட்பட்டென்று வெடித்து அணைந்தது. வளைஞ்ச வத்தியாவது எரிஞ்சுதேம்மா என்றார் அவர். அடுத்த கட்டுதான் கடைசி என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தவள் பையை மூலையில் போட்டாள்.

"ஊரு வீட்டுக்கெல்லாம் வெள்ளையடிச்சிப் பளபளன்னு ஆக்குறீங்க. நம்ம தலைக்கு மேல என்னைக்காவது பாத்தீங்களா? பாசி புடிச்சு கரிச்சட்டி மாதிரி கெடக்கு. சூரியன் வேற எங்க போவான்?"

பெயின்டர் சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். சாக்கு விரிக்க எத்தனையோ தடவை அந்தக் கூரையில் ஏறியவன்தான். வெள்ளையடிப்பது என்பது கூலிக்குச் செய்கிற காரியம், தன் வீட்டுக்கு அதைச் செய்யலாம் என்பது அவன் புத்திக்கு எட்டவே இல்லை. இதை முன்னாடியே சொல்லக் கூடாதா என்று கேட்டான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் எழுந்து கை கழுவப் போனான்.

வேலை முடிந்த இடங்களில் டிரம் அடியில் தங்கும் சுண்ணாம்பை யாரும் கேட்பதில்லை. அதை வழித்து வழித்துக் கொண்டுவந்து சேர்த்தான். நீர் விட்டு, வடிகட்டி, உப்பும் பசையும் கலந்து, கூரையைச் சுரண்டித் தேய்த்துக் கழுவிவிட்டு ஒரு கோட்டு அடித்தான். வெயில் விழும் மேற்குச் சுவரையும் விடவில்லை. காய்ந்ததும் கூரை கண்ணைப் பறித்தது. வழக்கமாக வந்து உட்காரும் காக்கா ஒரு வட்டம் அடித்துப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் உச்சி வெயிலில் அவள் சுவரில் சாய்ந்தாள். சுடவில்லை. நம்பாமல் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ஸ்டவ்வையும் மெழுகுச் சட்டியையும் வெளியே படிக்கட்டு நிழலுக்கு மாற்றி, அச்சை மட்டும் உள்ளே வைத்து ஆறவிட்டாள். வத்திகள் விறைப்பாக வந்தன. கடைக்காரர் ஒன்றை எடுத்து மேஜைமேல் உருட்டினார். அது தடங்கலில்லாமல் ஓடி அந்தப் பக்கம் விழுந்தது. எப்படிம்மா என்றார். அவள் முழுக் கதையையும் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, பெரிய அச்சு ஒன்று கடையில் சும்மா கிடக்கிறது, ஆள் அனுப்புகிறேன், இடம் நிஜமாகவே குளுமையாக இருந்தால் அதையும் உன்னிடமே தருகிறேன் என்றார். அவள் வீடு வந்து சேரும்வரை கால் தரையில் பாவவில்லை.

இதற்குள் குளுமை கீழேயும் தெரிந்துவிட்டது. யாரைக் கேட்டு என் கட்டடத்தில் சுண்ணாம்பு அடித்தாய் என்று சத்தம் போட ஓனர் மேலே வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே ஒரு காலை வைத்ததும் குரல் பாதியில் நின்றது. இன்னொரு காலையும் வைத்தார். சத்தம் போட வந்தவர் பாய் இருக்கா என்று கேட்டார். அவர் வீட்டு ஏசி, வோல்டேஜ் போதாமல் முக்கி முனகி நின்றுவிடுகிற ரகம். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற சாக்கில் மேலே வந்து குறட்டை விட்டார். அவர் தூங்கி எழுகிறவரை இவள் படிக்கட்டில் உட்கார்ந்து திரி வெட்டினாள். வீடு என்னது, குளுமை மட்டும் உங்களது, இது என்னம்மா நியாயம் என்று ஒருநாள் கொட்டாவி விட்டபடி கேட்டார். அவள் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஓனரோடு ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் குடை. வந்ததும் கூரையை அண்ணாந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். கடைக்காரர் அனுப்பிய ஆள்தான் என்று அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஓனரிடம் வழி கேட்டிருப்பார், அவரே கூட்டி வந்திருக்கிறார். அவள் அவசரமாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஃபேனை நிறுத்தினாள். ஃபேன் இல்லாமலே பாருங்க என்றாள்.

அவர் கேட்டதெல்லாம் அச்சுக்கு வேண்டிய கேள்விகளாகவே இருந்தன. மத்தியானமும் இப்படித்தானா? இப்படித்தான். ஒழுகுமா? ஒரு சொட்டு ஒழுகாது. காற்று? இரண்டு ஜன்னலையும் திறந்து காட்டினாள். அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த வரிசையிலேயே இப்படி ஓர் அறை கிடையாது, வெளியே மெழுகு உருகுகிற வெயிலிலும் உள்ளே வைத்த வத்தி சிப்பாய் மாதிரி நிற்கும் என்று ஒன்றை எடுத்து நிறுத்தியே காட்டினாள். கன்னத்தை வைத்துப் பாருங்க என்று சொல்லி, அந்தப் பெரிய மனிதரை மேற்குச் சுவரில் கன்னம் வைக்க வைத்தாள். ஓனர் வாசல் நிலையில் சாய்ந்து, இடையில் ஒரு வார்த்தை பேசாமல், முகமெல்லாம் பல்லாக நின்றார்.

சாயங்காலம் பெயின்டர் வந்ததும் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். பெரிய அச்சை எந்த மூலையில் வைப்பது என்று இருவரும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும்போது ஓனர் மேலே வந்தார். வந்தவருக்கு அறை ரொம்பப் பிடித்துவிட்டது, மாசம் பிறந்தால் குடிவருகிறார் என்றார். உன் சம்சாரம் பேசின மாதிரி ஒரு புரோக்கர்கூடப் பேச மாட்டான் என்று மெச்சவும் செய்தார். உங்களை நடுத்தெருவில் விடுவேனா, எதிர் மாடியில் என் மச்சானுடைய தகரக் கொட்டகை காலியாக இருக்கிறது, நாளைக்கே போய்க்கொள்ளலாம் என்றார்.

அவர் படியிறங்கிப் போனபின் அவள் நிறுத்திக் காட்டிய வத்தியை எடுத்துப் பையில் போட்டாள்.

"என் வாயாலயே வீட்ட வித்துட்டேனே," என்றாள். "சுவத்துல கன்னத்த வேற வைக்கச் சொன்னேன்."

தவளை தன் வாயால் கெடும் என்று சொல்ல வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். அடித்தவன் நான்தானே, அங்கேயும் அடித்துவிடுகிறேன் என்றான். இருவருக்குமே தெரியும், தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது. ஆனாலும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனபின் அடித்துப் பார்த்தான். காய்ந்ததும் தோல் உரிகிற மாதிரி உரிந்து, கிழவன் தலைப் பொடுகுபோலக் காற்றில் பறந்தது.

குடிவருகிறவர் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாராம்: வருவதற்குமுன் கூரைக்கு இன்னொரு கோட்டு. ஓனர் பெயின்டரைத்தான் கூப்பிட்டார். பழகின கூரை, வேறு யார் அடித்தாலும் உன் கை வராது என்றார். அந்த வாரம் அவனுக்கு வேறு வேலை அமையவில்லை. காலையில் வாளியோடு ஏறினான்.

பாதிக் கூரை முடிந்திருக்கும். கீழே மாடித் தளத்தில் யாரோ கைதட்டிக் கூப்பிட்டார்கள். வியர்த்து ஒழுகும் ஒரு ஆள், கையில் பேப்பரை வைத்து விசிறிக்கொண்டு அண்ணாந்து நின்றான்.

"மெழுகுவத்தி ஊத்துறவங்க வீடு இதுதானே? கடையிலேர்ந்து வரேன். எடம் எப்படியிருக்குன்னு பாத்துட்டு வரச்சொன்னாரு."

பெயின்டர் எதிர் மாடியைப் பார்த்தான். பிறகு பிரஷ்ஷால் கீழே காட்டினான்.

"இதுதான். கதவு தெறந்துதான் இருக்கு, உள்ள போய்ப் பாருங்க."

அந்த ஆள் உள்ளே போனான். வெகுநேரம் வெளியே வரவில்லை. வெளியே வந்தபோது முகத்தில் வியர்வை காய்ந்திருந்தது. சாமான்கள் எங்கே என்று கேட்டான். வெள்ளையடிப்பதற்காக எடுத்து வைத்திருக்கிறது என்றான் பெயின்டர்.

"பெரிய அச்சு சாயங்காலமே வந்துடும். அவங்ககிட்ட சொல்லிடுங்க," என்றான் அந்த ஆள். வெயிலில் இறங்க மனசில்லாமல் வாசலிலேயே நின்று ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்தான். "எடத்த மட்டும் மாத்திடாதீங்க. இந்த மாதிரி கெடைக்காது."

அவன் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. எதிர் மாடியில் அவள் கொட்டகைக்கு வெளியே வந்து நின்று, யார் வந்தது, என்ன சொன்னார்கள் என்று கையால் கேட்டாள். வெயிலில் மின்னிய தகரம் கண்ணைக் கூசியதில் பெயின்டருக்கு அவள் முகம் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது. அவன் குனிந்து பிரஷ்ஷை வாளியில் தோய்த்து, மிச்சமிருந்த பாதிக் கூரையை அடிக்க ஆரம்பித்தான்.