காலண்டர் சரஸ்வதி

சிவகாசியில் அச்சகம் நடத்திவந்த சங்கரபாண்டியன், 1958இல் மனைவி லட்சுமிகாந்தத்துடன் மதராசுக்குப் போயிருந்தார். அங்கே நாடறிந்த ஓவியர் ஒருவரின் படங்களுக்கென்றே ஒரு காட்சிச்சாலை இருந்தது. அனுமதி இலவசம் என்றதும் லட்சுமிகாந்தம் உள்ளே நுழைந்துவிட்டாள்.

"ஏங்க, இங்கன வாங்க! இது நம்ம காலண்டர்ல போடுற சரஸ்வதிதான?"

சங்கரபாண்டியன் அவளை வெளியே இழுக்கப் பார்த்தார். யாரையும் கேட்காமல்தான் அந்தப் படத்தை வருஷா வருஷம் அடித்துக்கொண்டிருந்தார். வாசலருகே உட்கார்ந்திருந்த பெண்மணி எழுந்து வந்தார்.

"நான் அவருடைய மகள். எந்த ஊர்க் காலண்டர்?"

போலீஸ், கோர்ட்டு, பூட்டிக் கிடக்கும் அச்சகம் எல்லாம் சங்கரபாண்டியன் கண்முன் வந்தன. வேறு ஏதோ ஊரைச் சொல்ல வாயெடுத்தார்.

"சிவகாசிம்மா. எங்க சொந்தப் பிரஸ்ஸுதான்," என்று லட்சுமிகாந்தம் பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

அந்த அம்மாள் அவரையே பார்த்தார். "அப்பா பெயரையாவது போட்டீர்களா?"

"இல்லம்மா." சங்கரபாண்டியன் கைகூப்பினார். "இனிமே போடுதேன்."

"போடுங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள்."

விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த சீசனில் அடித்த சரஸ்வதியின் காலடியில் ஓவியர் பெயர் இருந்தது. முதல் பிரதியை மதராசுக்கு அனுப்பிவிட்டு, தபால்காரரைக் காணும்போதெல்லாம் வக்கீல் நோட்டீஸோ என்று பதறிக்கொண்டிருந்தார்.