வீட்டில் ஒரு ஆள்

மைக்செட்டுக்காரரின் வீடு அந்தப் புயலில் இடியவில்லை, மேலே போனது. மின்கம்பத்தின் உயரத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே அவர் மனைவி இருந்தாள். காய்ச்சல் மருந்து குடித்துவிட்டுத் தூங்கிய எட்டு வயது மகளும் இருந்தாள். புயல் அடித்ததே தெரியாமல் தூங்கிய அந்தப் பிள்ளை, மறுநாள் காலையில் எழுந்து பல் தேய்க்கப் பின்கதவைத் திறந்தது. கொல்லைப்புறம் இருந்த இடத்தில் வெறும் காற்று. அம்மா சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தது. மற்றபடி அடுப்பு அடுப்பாக இருந்தது, பீரோ பீரோவாக இருந்தது. தண்ணீர்க் குழாய் மட்டும் பாதியில் அறுந்து தொங்கியது.

அவர் ஊருக்கு அறிவிப்புச் சொல்கிறவர். கூட்டமோ கடைத்திறப்போ எதுவானாலும் மைக் கட்டுவார். குடிநீர் வராது, தடுப்பூசி உண்டு, நாய் காணவில்லை என்று நகராட்சி எதைச் சொல்லச் சொன்னாலும், வண்டியின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சொல்வார். நல்ல குரல், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் புயலுக்கு முன்னால் மூன்று தடவை புயல் வருகிறது என்று அவரைச் சொல்ல வைத்தார்கள். மூன்று தடவையும் ஊரே மேட்டுப் பள்ளிக்கூடத்தில் போய் ஒண்டியது, மூன்று தடவையும் ஓர் இலை அசையவில்லை. சொன்னது வானிலை ஆபீஸ், பேச்சு வாங்கியது இவர். “என்ன மைக்கு, உங்க புயலுக்கு பஸ் கெடைக்கலையா?” என்று டீக்கடையில் கேட்டார்கள். மூன்றாம் தடவை வீடு திரும்பியபோது பூட்டு உடைந்து கிடந்தது. ஆம்ப்ளிஃபயர், மிக்ஸி, சுவர்க் கடிகாரம் எல்லாம் போயிருந்தன. மைக்செட்டுக்காரர் பேச்சை முழுசாக நம்பிய ஒரே ஆள் அந்தத் திருடன்தான் என்று அதற்கும் சிரித்தார்கள்.

நான்காம் தடவை அவருக்கே நம்பிக்கை இல்லை. கூலிக்குக் கத்தினார். மத்தியானம் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க வந்தபோது மனைவி மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, மகளை எழுப்பப் போய்க்கொண்டிருந்தாள்.

“எழுப்பாத. காய்ச்சலோட எங்க அலையறது?” என்றார். “வீட்டுல ஒரு ஆள் இருக்கணும். நீ இரு.”

“மைக்ல அப்படிக் கத்தறீங்களே.”

“ஊருக்குச் சொல்றது வேற, நமக்கு வேற. சாயங்காலம் வந்துடறேன்.”

மனைவி மூட்டையை அவிழ்த்தாள். அவர் வண்டியில் ஏறி, ஒருவர்கூட வீட்டில் இருக்கக் கூடாது, உயிர்தான் முக்கியம், பொருள் பிறகு வரும் என்று அடுத்த தெருவில் ஆரம்பித்தார்.

சாயங்காலத்துக்குள் காற்று வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தின் வாசலில் நின்று ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தவரிடம், எதிர்வீட்டுத் தையல்காரம்மா உன் வீட்டில் எங்கே என்று கேட்டாள். பின்னால் வருகிறார்கள் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கூரைத் தகடுகள் தெருவில் பறக்க ஆரம்பித்த பிறகு, அவள் மறுபடி கேட்டாள். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்: “நான் எவ்வளவோ சொன்னேன். கேக்க மாட்டேன்னுட்டா.” நாக்கில் தயாராக வைத்திருந்ததுபோல அது வந்தது. தையல்காரம்மாவின் காதில் விழுந்தது எதுவும் அவளோடு நிற்காது. விளக்கு ஏற்றுவதற்குள் பள்ளிக்கூடம் முழுவதும் அவர் மனைவியின் பிடிவாதத்தைப் பற்றிப் பேசியது. அவரை வெளியே ஓடாமல் நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவர் நிஜமாகவே ஓடப் பார்த்தார், அதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் தீயணைப்பு வண்டி வந்து நீள ஏணியைச் சாய்த்தது. மகளை இறக்கினார்கள். மனைவி ஏணியில் காலை வைத்ததும் வீடு ஒரு முழம் மேலே போனது. காலை எடுத்ததும் இறங்கிப் பழைய இடத்தில் நின்றது. கல் மூட்டை, மணல் மூட்டை எல்லாம் ஏற்றிப் பார்த்தார்கள். வீடு அவற்றை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே ஒரு மனிதர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும் என்பது எல்லாருக்கும் விளங்கியது. “வேற யாராவது மாறி இருந்தாலும் போதும்போல” என்றார் தீயணைப்பு அதிகாரி. மைக்செட்டுக்காரர் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுருட்டினார். தனக்கு ஊர் வேலை இருக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, கூட இருந்தவர்களே சொன்னார்கள். வீடு போனால் போகட்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை, அவளும்தான். மின்வாரியத்தார் நீளமான ஒயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். கீழே ஓர் இரும்பு ஏணி நிரந்தரமாக நடப்பட்டது.

முதல் வாரம் அரிசியும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறியவர், வாசற்படியில் நின்று அழுதார். எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

“சொல்லாதீங்க” என்றாள் மனைவி. “சொல்றவரே பொண்டாட்டிய வீட்டுல இருக்கச் சொன்னாராம்னு தெரிஞ்சா, அடுத்த தடவ ஒரு ஆள் கெளம்ப மாட்டாங்க. புள்ளகுட்டி இருக்கற ஊரு.”

அவருக்கு அப்பாடா என்று இருந்தது. பிறகு வந்த வருடங்களில் அவர் வெட்கப்பட்ட விஷயங்கள் நிறைய. ஆனால் எல்லாவற்றையும்விட அந்த அப்பாடாவுக்குத்தான் அதிகம் வெட்கப்பட்டார்.

ஊர் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தது. நான்காம் தடவை வந்த அந்தப் புயலில் ஓர் உயிர்ச்சேதம்கூட இல்லை, காரணம் இவர் குரல் என்று கேடயம் கொடுத்தார்கள். அவருக்கான கூட்டத்துக்கு அவரே மைக் கட்ட வேண்டியிருந்தது, ஊரில் வேறு மைக்செட் கிடையாது. வீடு நின்ற பக்கம் பார்த்த ஒலிபெருக்கியைக் கழற்றி எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டினார். அப்படியும் தலைவர், ஊரே கேட்ட பேச்சைச் சொந்த வீட்டில் கேட்கவில்லையே என்றதும் எழுந்த சிரிப்பு மேலே போய்ச் சேர்ந்திருக்கும். வாசற்படிக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்துவது மேடையிலிருந்து தெரிந்தது. கேடயத்தை வாங்கிக்கொண்டு அவர் நன்றி என்றார்.

மகள் அவரோடு கீழே, தையல்காரம்மாவின் பின்பக்க அறையில் வளர்ந்தாள். அம்மா சமைத்ததை அப்பா ஏணியில் இறக்கிக்கொண்டு வருவார், அவள் சாப்பிடுவாள். ஆனால் மேலே போக மாட்டாள். பள்ளியில் பறக்கிற வீட்டுப் பெண் என்றார்கள், அது பரவாயில்லை. தையல்காரம்மா பட்டன் தைத்துக்கொண்டே, உன் அப்பா படித்துப் படித்துச் சொன்னார், உன் அம்மாதான் காய்ச்சல் பிள்ளையை வைத்துக்கொண்டு அழிச்சாட்டியம் பண்ணினாள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததுதான் ஊறிப்போனது. ஒருநாள் சாப்பிடும்போது மகள் கேட்டாள்: “எனக்கு என்ன ஆனாலும் பரவால்லன்னுதானப்பா அம்மா அங்கயே இருந்தாங்க?” அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். “சாப்புடு, ஆறுது” என்றார். அதற்குப் பிறகு மகள் அம்மா என்ற சொல்லையே விட்டுவிட்டாள். மேலே இருப்பவங்க என்பாள். மேலே இருப்பவள் ஜன்னலில் நின்று, மகள் பள்ளிக்குப் போவதையும் வருவதையும் உச்சந்தலை வகிடாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே மகளுக்குப் பதினாறு வயதாகிவிட்டது.

அந்த வருடம் அடுத்த புயல் வருவதாகச் சொன்னார்கள். மைக்செட்டுக்காரர் காலையிலேயே கிளம்பினார். இந்தத் தடவை யாரும் பஸ், கிஸ் என்று கேலி பேசவில்லை. அவர் குரல் தெருமுனையில் கேட்டதும் கதவைப் பூட்டிக்கொண்டு நடந்தார்கள். மனைவி அன்று சொன்னது சரிதான், நம்பினார்கள். கடைசியாகத் தன் தெருவுக்கு வந்தார். தையல்காரம்மா மிஷினின் தலையைக் கழற்றித் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு, போகிற போக்கில் அண்ணாந்து, “இந்தத் தடவையாவது புருஷன் பேச்சக் கேளும்மா!” என்று கத்திவிட்டுப் போனாள். தெரு காலியானது. அறை வாசலில் பையோடு நின்ற மகள் மேலே பார்க்காமலே சொன்னாள்:

“அவங்க கேக்க மாட்டாங்க. நீங்க வாங்கப்பா, போலாம்.”

அவர் வண்டிக்குப் போய் மைக்கை அணைத்தார். அது போதாது என்று பாட்டரி ஒயரையும் பிடுங்கினார். திரும்பி வந்து, மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அன்னைக்கு உங்கம்மா மூட்டை கட்டி ரெடியாத்தான் இருந்தா. நான்தான் போக வேணாம்னேன். உன்னையும் எழுப்ப வேணாம்னு சொன்னது நான்தான்.”

“பள்ளிக்கூடத்துல சொன்னது?”

“பொய். பயத்துல வந்துடுச்சு. அப்புறம் வசதியா இருந்துச்சு, விட்டுட்டேன்.”

காலி டப்பா ஒன்று தெருவில் உருண்டு போனது. மகள் பையைக் கீழே வைத்தாள். அவரை அடித்திருக்கலாம், அவரும் அதற்குத் தயாராக நின்றார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போய், எட்டு வருடமாகத் தொடாத ஏணியில் ஏறினாள். மேலே இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அழுகைச் சத்தம் கேட்டது, அது யாருடையது என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சத்தம் ஓய்ந்ததும் அவரும் ஏறினார். “நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இருக்கேன்” என்றார்.

மனைவி நகர்ந்து அவருக்கு வழி விட்டாள். அழைக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. “மேல் தாழ்ப்பாள் பிடிக்காது, கீழ்த் தாழ்ப்பாளப் போடுங்க” என்றாள். “காத்து அடிக்கற பக்கத்து ஜன்னலத் தொறந்துடாதீங்க. குடத்துல தண்ணி இருக்கு.” பிறகு ஏணியில் காலை வைத்தாள். வீடு அசையவில்லை. அதற்கு யாராவது இருந்தால் போதும். எட்டு வருடம் கழித்துத் தரையில் நடந்த அவள், மேடு வரும்வரை மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, படகில் இருந்து இறங்கியவள்போலத் தள்ளாடிப் போனாள்.

பள்ளிக்கூடத்தில் தையல்காரம்மா இடம் போட்டுக் கொடுத்து, “அப்பாடி, இப்பவாவது ஒனக்குப் புத்தி வந்துச்சே” என்றாள்.

“எங்கம்மா எப்பவும் சொன்ன பேச்சக் கேக்கறவங்கதான்” என்றாள் மகள். சத்தமாகவே சொன்னாள். அம்மா அவள் தொடையில் கிள்ளினாள், அதற்கு மேல் ஒன்றும் பேச விடவில்லை. மைக்செட்டுக்காரர் எங்கே என்று கேட்டதற்கு, அவர் வீட்டில் இருக்கிறார் என்று மட்டும் பதில் சொன்னாள். ஊரையே கிளப்பிவிட்டு இவர் உட்கார்ந்துகொண்டாரா, என்ன அழும்பு பிடித்த ஆள் என்று விளக்கு ஏற்றுவதற்குள் பேச்சு பரவியது. யாரும் அதைத் திருத்தவில்லை.

புயல் கடந்து மழை விட்டதும் போய்ப் பார்த்தார்கள். வீடு இன்னும் உயரத்துக்குப் போயிருந்தது, இரும்பு ஏணி அதில் பாதிக்குக்கூட எட்டவில்லை. மைக்செட்டுக்காரர் ஜன்னலில் தெரிந்தார். அடி ஒன்றும் படவில்லை. கீழே கூடிய கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கப் போனவர், மனைவியையும் மகளையும் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார். தீயணைப்பு வண்டி பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். மனைவி ஈர விறகைப் பற்றவைத்து எதையோ கிளறி, தூக்குப் பாத்திரத்தில் போட்டு மூடினாள். மகள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அண்ணாந்து ஜன்னலின் உயரத்தைக் கண்ணால் அளந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, சேறு மிதித்து, திறந்திருந்த ஒரே கடைக்குப் போய், நீளமான கயிறாகப் பார்த்து வாங்கி வந்தாள்.