பொனட்டில் விழுந்த பள்ளம்

பேய், பிசாசு என்று என் கராஜுக்குள் யாராவது பேச்செடுத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வண்டி என்பது இரும்பும் எண்ணெயும் வயரும்தான். ஒரு சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் என் தொழில். பதுளை பசறை வீதியில் கராஜ் வைத்திருக்கும் இந்த றுஷாந்தனின் வாய்க்கு லுணுகலை வரைக்கும் பயப்படுவார்கள். அந்த வாய் இப்போது கொஞ்ச நாளாக அடைத்துப் போயிருக்கிறது.

காரணம் ஒரு கார். எம்.ஜி.ஏ. என்று சொல்வார்கள், பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். லுணுகலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு தேயிலைத் தோட்டத்து வளைவில் அதைப் பார்க்கலாம். ரோட்டோர மண்மேட்டின் மேல், மூக்கை ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு கிடக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தத் தோட்டத்து உதவி மனேஜரான சின்னத் துரை ஓட்டி வந்து, மழையில் பள்ளத்துக்குள் உருட்டிய வண்டி அது. துரை தப்பித்துக்கொண்டார். கூட இருந்த தொழிலாளர் லயத்துப் பெண் இறந்து போனாள். வண்டியை லொறியில் கட்டி இழுத்து மேட்டில் ஏற்றி வைத்தார்கள். துரை வெளிநாடு போய்விட்டார், வண்டி அங்கேயே இருந்துவிட்டது. எனக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான். அதற்கு மேல் தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவும் இல்லை. எனக்கு வண்டிதான் வேண்டியிருந்தது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன்.

ரோட்டை அகலப்படுத்த அந்த மேட்டை வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எஸ்டேட் ஒப்பீசுக்கு ஓடினேன். குப்பை ஒழிந்தால் போதும் என்றார்கள். வண்டியைத் தூக்கிய அன்று மலையிலிருந்து கொழுந்துச் சாக்குகளுடன் இறங்கி வந்த பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். ஒருத்தி மட்டும் கேட்டாள்.

"கொண்டுக்கிட்டா போறீங்க?"

"ஆமாங்க. புத்தம் புதுசாக்கி ஓட்டப் போறேன்" என்றேன், பெருமை பிடிபடாமல்.

அவள் தலையில் மாட்டிய கயிற்றில் சாக்கு முதுகில் தொங்க, அதை இறக்காமலே, லொறி வளைவு தாண்டும்வரை நின்றுகொண்டிருந்தாள்.

வண்டி நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. அடித்தகடு முழுக்க உளுத்துப் போயிருந்தது, அது வெல்டிங்கில் சரியாகிவிடும். சேசிஸ் சட்டம் கொஞ்சம் முறுக்கியிருந்தது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். எஞ்சினை மூடும் பொனட் அலுமினியம், துருப்பிடிக்கவில்லை. ஆனால் நடுவில் பெரிய பள்ளம், ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். உருண்டபோது விழுந்த அடி என்று முடிவு கட்டினேன். வண்டி பூராவும் பாசி பிடித்திருக்க, அந்தப் பள்ளம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. அது ஏன் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டியவன் நான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மரச் சுத்தியை எடுத்து பொனட்டின் இடது பாதியைக் கீழிருந்து தட்டித் தட்டி நிமிர்த்தினேன். அலுமினியம் சொன்னபடி கேட்கும். சாயங்காலம் ஆனபோது அந்தப் பாதி பழைய வளைவுக்கு வந்துவிட்டது. எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

வீடு கராஜுக்குப் பின்னாலேயே இருக்கிறது. என் மனைவி ஜெசீகா வாசற்படியில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஏழாவது மாதம். முதல் பிள்ளை ஆறு மாதத்திலேயே போய்விட்டது. அதனால் அவள் முகம் சுளித்தாலே எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

"மத்தியானம் கண்ணசந்தேங்க. ஒரு பொம்பள வந்து வாசல்ல நிக்கிறா. என்னைய மாதிரியே வயித்துப் புள்ளக்காரி. முதுகுல பெரிய சொம. 'தங்கச்சி, ஒரு கை குடு, எறக்கி வைக்கணும்'னு கேக்குறா. எந்திரிச்சதுலருந்து தோளு ரெண்டும் விண்ணு விண்ணுங்குது."

"மத்தியானம் தின்ன பலாக்காய் வேல செய்யுது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மறுநாளும் அதே பெண் வந்தாளாம். அதற்கு மறுநாளும். வீட்டுக்குள் வருவதில்லை, சண்டை பிடிப்பதில்லை. வாசலில் நின்று, கை குடு என்று கேட்பாளாம், அவ்வளவுதான். ஜெசீகா எழுந்து போவதற்குள் விழிப்பு வந்துவிடுமாம்.

இதற்குள் எனக்கும் ஒன்று நடக்க ஆரம்பித்தது. வண்டியின் அருகே குனிந்து வேலை செய்யும்போது, பின்னால் யாரோ நீளமாக மூச்சு விடுவார்கள். ஏற்றத்தில் பாரத்தோடு ஏறி வந்து நிற்கிறவர்கள் விடுகிற மூச்சு. முதலில் கொம்ப்ரசரில் காற்றுக் கசிவு என்று நினைத்தேன். குழாயை மாற்றினேன். வால்வை மாற்றினேன். கடைசியில் கொம்ப்ரசரையே நிறுத்தி வயரைப் பிடுங்கிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். என் வலது தோளுக்குப் பின்னால், வெகு கிட்டத்தில், அந்த மூச்சு மெதுவாக வந்தது. பயந்துவிட்டேன். ஆனால் அதை ஜெசீகாவிடம் சொல்வேனா? அவள் மீதே பாய்ந்தேன்.

"இந்த வண்டிய விட்டுடச் சொல்றியா? அதுக்குத்தானே இவ்வளவு நாடகமும்?"

"நான் விடச் சொல்லல. அவளுக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்த விசாரிச்சிட்டு வாங்கங்கிறேன். செத்தது யாரு, என்ன பேருன்னு கூட ஒங்களுக்குத் தெரியாது."

"எனக்கு எதுக்குத் தெரியணும்?"

"அவ கேக்குறது எங்கிட்டங்க" என்றாள் ஜெசீகா. அவள் கை வயிற்றில் இருந்தது. "நான் எத்தன நாளைக்கு இப்படியே படுத்துக்கிட்டு அவளப் பாத்துக்கிட்டு இருப்பேன்?"

நான் போகவில்லை. வீம்பு. அவள் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து, லுணுகலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவைப் பிடித்து விசாரித்து, இறந்த பெண்ணின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டாள். பூங்காவனம். புருஷன் சிவஞானம் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார் என்றும், அவர் வேறு கல்யாணம் கட்டவில்லை என்றும் அந்த அம்மா சொல்லியிருக்கிறார். ஜெசீகா அவருக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரம் மழை விட்டு மூடுபனி தெருவுக்கு இறங்கிய ஒரு பகலில் அவர் வந்தார். ஒடிசலான மனிதர், எழுபது வயதிருக்கும். தோளில் ஒரு துணி மூட்டை. ஊரிலிருந்து வெறுங்கையோடு வரக் கூடாது என்று மரவள்ளிக் கிழங்கும் ஈரப்பலாக்காயும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வணக்கம் சொன்னார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். நான் நிமிர்த்திய பாதியின் மேல் கையை வைத்தார்.

"இத ஏன் தம்பி நிமித்துனீங்க?"

"அடிபட்ட எடமாச்சே ஐயா. அப்படியே விட முடியுமா?"

"இது அடிபட்டதுல விழுந்த பள்ளம் இல்ல."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"அன்னைக்கு மழ. அவளுக்கு வலி வந்திருச்சி. தோட்டத்து லொறி பெக்டரிக்குப் போயிருந்திச்சி. சின்னத் தொர நல்ல மனுசன், என் வண்டியில ஏத்துன்னாரு. பதுளப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்னாரு. நான் பின்னாலயே ஓடுனேன். வளைவுக்கு வந்தா வண்டி கீழ கெடக்கு. வயித்துல புள்ளயோடயே போயிட்டா, தம்பி."

ஜெசீகா பின்கதவருகே வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வயித்துச் சொமையோட போனவளுக்கு வழியோரமா சொமதாங்கி நடணும். எங்க பக்கத்து வழக்கம். இடுப்பு ஒசரத்துக்குக் கல்லு. வழியில போற வாற சனம் தலச் சொமைய அதுல எறக்கி வச்சி எளப்பாறணும். எத்தன பேரு எறக்குறாங்களோ அத்தனைக்கு அவ பாரம் கொறையும். இல்லாட்டி அவ சொமந்துக்கிட்டேதான் நிப்பா. நான் போயி தொரமார்ட்ட கேட்டேன். தோட்டத்து நெலம், கல்லு நட விட மாட்டோம்னாங்க. தொர மாறுனாரு, திரும்பக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னாரு."

அவர் கை அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நகர்ந்து போய், நான் நிமிர்த்திய இடம் வந்ததும் நின்றது.

"வண்டி மேட்டுல கெடந்திச்சில்ல. ஒரு நா கொழுந்துக்காரப் பொம்பள ஒருத்தி முதுகுச் சாக்க அப்படியே சாஞ்சி இது மேல எறக்கி வச்சா. 'பூங்காவனம், கொஞ்சம் புடி'ன்னா. மறுநா எல்லாரும் வச்சாங்க. வெறகுக் கட்டும் வச்சாங்க. பொறகு வந்த பொண்ணுங்களுக்கு அவ மொகமே தெரியாது. ஆனா பேரச் சொல்லித்தான் எறக்குவாங்க. அப்படி விழுந்த பள்ளம் இது."

எனக்கு அந்த லொறி நாள் ஞாபகத்துக்கு வந்தது. சாக்கை இறக்காமல் நின்ற பெண்ணை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. நான் பஸ்ஸில் போன அத்தனை வருஷமும் அந்தப் பெண்கள் அங்கே நின்றிருக்கிறார்கள், நான் காரை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஆசை லேசில் விடுமா? கொழும்பில் ஒருவரிடம் முன் லைட்டுக்குச் சொல்லி வைத்திருந்தேன். நிறம்கூட முடிவாகியிருந்தது.

"பொனட்டக் கழட்டித் தாறேன் ஐயா" என்றேன். "வேற பொனட் தேடிப் போட்டுக்கிறேன். நீங்க இதக் கொண்டு போய் வச்சிருங்க."

"எங்க தம்பி வைக்கிறது?" அவர் கோபப்படவில்லை. "மேட்ட வெட்டியாச்சி. நான் இருக்கிற லயத்து வாசப்படி கூட என்னோடது இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. எஸ்டேட் ஒப்பீசுக்குப் போன் போட்டு, வண்டியை அப்படியே கொண்டு வந்து பழைய இடத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன் என்றேன். அங்கே எடுத்தவர் சிரித்தார். குப்பையைத் திருப்பிக் கொண்டு வந்தால் கேட்டுக்கு உள்ளே விட மாட்டோம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நான் போனை மேசையில் எறிந்தேன். இப்போது எனக்கே தெளிவாகிவிட்டது, இதைத் திரும்ப வைக்கவும் இடமில்லை. நான் புதுசாக்கி ஓட்டினால், அவள் என் வாசலில் நின்றுகொண்டேயிருப்பாள். ஜெசீகா அவளைப் பார்த்துக்கொண்டேயிருப்பாள்.

சிவஞானம் வெளியே போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பசறை பஸ் ஒன்று வந்து நின்றது. மூட்டை முடிச்சுகளோடு தோட்டத்துச் சனம் இறங்கி, சாமான்களைத் தரையில் வைக்க முடியாத சேற்றில் தடுமாறி நின்றார்கள்.

"தம்பி, இங்கேருந்து பெரியாஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம்?"

"கிட்டத்தான் ஐயா. இந்த ரோட்டாலயே போகணும்."

அவர் ரோடு போகிற பக்கம் பார்த்தார். பிறகு திரும்பி வண்டியைப் பார்த்தார்.

"அப்ப அவ போக வேண்டிய பக்கம்தான் வந்திருக்கா" என்றார். "திருப்பிக் கொண்டு போக வேணாம் தம்பி."

நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். கால்தான் முதலில் நகர்ந்தது. கராஜுக்கு முன்னால், வீதியை ஒட்டி, எனக்குச் சொந்தமான ஒரு துண்டுக் காணி இருக்கிறது. அப்பா வாங்கி உறுதிப் பத்திரம் முடித்துக் கொடுத்தது. வண்டி கழுவுவதற்கு வைத்திருந்தேன். ஜாக்கியும் கருங்கல்லும் எடுத்து வந்தேன். சிவஞானமும் தோள் கொடுத்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், மூக்கு வீதிப் பக்கம் பார்க்க, பொனட் இடுப்பு உயரத்துக்கு வரும்படி கல் அடுக்கி நிறுத்தினோம். அந்த வேலையில் ஒரு முறைகூட எனக்குப் பின்னால் மூச்சு கேட்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த மாதிரிதான் இருந்தது.

"நீங்களே முதல்ல வைங்க ஐயா" என்றேன்.

"நான் இது வரைக்கும் வச்சதில்ல." அவர் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "ஊரு பொம்பளைங்க எல்லாம் வச்சாங்க. நான் பக்கத்துல போனதே இல்ல. அன்னைக்கு வண்டியில ஏறுனப்ப அவ 'நீயும் கூட வா'ன்னு கையப் புடிச்சிக்கிட்டு அழுதா. ரெண்டே சீட்டுதானே. நான்தான் கைய எடுத்து விட்டேன்."

ஜெசீகா படியிறங்கி வந்தாள். வாசலில் எங்களுக்கு நடுவே வெறும் இடம்தான் இருந்தது. அந்த இடத்தைச் சுற்றி, யாருக்கோ வழி விட்டு ஒதுங்கி வந்து, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வைங்கப்பா" என்றாள்.

அவர் வைத்தார். மூட்டை பள்ளத்தில் பாதியும் நான் நிமிர்த்திய மேட்டில் பாதியுமாக இருந்து, வழுக்கி, கீழே விழுந்தது. கிழங்குகள் சேற்றில் உருண்டன. சிவஞானம் இரண்டு கையையும் விரித்தபடி அப்படியே நின்றார்.

நான் உள்ளே போய் மரச் சுத்தியைக் கொண்டு வந்தேன். என் கையால் நிமிர்த்திய அந்த வளைவு மழை வெளிச்சத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஓங்கி அடித்தேன். அலுமினியம் சொன்னபடி கேட்டது. பள்ளம் பழையபடி முழுசாக விழும்வரை, கண்ணில் தண்ணீர் ஓட, அடித்துக்கொண்டேயிருந்தேன். பிறகு கிழங்கைப் பொறுக்கி, மூட்டையைக் கட்டி, அவர் கையில் கொடுத்தேன்.

"பூங்காவனம், கொஞ்சம் புடிம்மா" என்று சொல்லி அவர் இறக்கி வைத்தார். மூட்டை அசையாமல் நின்றது.